மேடம் மேல் விழுந்த பழி

நீல மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் டப்பா வீட்டுக்குள் வந்த அன்று இரண்டு பேருக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. ஒன்று பூனை. இன்னொன்று நான். உள்ளே மணல், மேலே கூடாரம் மாதிரி மூடி, முன்பக்கம் தொங்கும் ஒரு குட்டிக் கதவு. பூனைக்கு இதுதான் கக்கூஸாம். என் மாமனார் மட்டும், "நல்லாத்தாம்மா கீது, கதவெல்லாம் வெச்சி" என்று சந்தோஷப்பட்டார். அவர் எதையும் அவ்வளவு சுலபத்தில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர் இல்லை. முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். எழுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாமல் நாற்காலியில் உட்காருவார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. டப்பா இன்னும் குளியலறை வாசலில் அதே இடத்தில்தான் இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. காஸ் சிலிண்டர் சீலைத் தடவிப் பார்க்காமல் உள்ளே விட மாட்டேன். மீன்காரம்மா "இப்போ கரைக்கு வந்த மீனுக்கா" என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பேரம். "உன்ன டீச்சர் வேலைக்கு எடுத்ததே தப்பு, போலீஸ்ல சேத்திருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். அப்பேர்ப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் கோட்டை விட்டேன்.

கோட்டூர்புரத்தில் ஒரு பெண், அடிபட்ட தெருப் பூனைகளை எடுத்துத் தேற்றி வீடு தேடிக் கொடுக்கிறாள். அவளிடம் ஒரு வயது சாம்பல் நிறப் பூனை இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு ஆசை. ஆனால் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். மாடிப்படியில் பூனை தென்பட்டாலே செருப்பைக் கழற்றுகிறவர் அவர். பயந்துகொண்டேதான் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கொண்டாயேன். அதுவும் ஒரு உயிர்தானே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னா ஆச்சு இந்த மனுஷருக்கு என்று ஒரு வாரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பூனை வந்த கும்மாளத்தில் மறந்துவிட்டேன்.

வந்த பூனை, வந்த அன்றே கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, வாடகை வாங்க வந்தவளைப் போல எங்களை மேலும் கீழும் பார்த்தது. மாமா அதற்கு மேடம் என்று பெயர் வைத்தார். மூடிய டப்பாவை அது சுற்றிச் சுற்றி முகர்ந்தது. ஒரு காலை உள்ளே வைத்து, சுட்டதுபோல் வெளியே இழுத்துக்கொண்டது. கோட்டூர்புரத்துப் பெண் போனில் வழி சொன்னாள். முதல் வாரம் மூடியே வேண்டாம். அடுத்த வாரம் மூடி மட்டும், கதவு வேண்டாம். அதன் பிறகு கதவை மேலே தூக்கி செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டு, நாளுக்கு ஒரு விரல் அளவு இறக்கிக்கொண்டே வர வேண்டும். நான் அப்படியே செய்தேன். பகலில் நான் பள்ளிக்கூடத்திலும் என் வீட்டுக்காரர் தரமணி ஆபீசிலும் இருந்ததால், மேடத்தைக் கவனிக்கும் வேலையை மாமா ஏற்றுக்கொண்டார்.

மதிய இடைவேளையில் தவறாமல் போன் வரும். "ம்மா, மேடம் இன்னிக்கும் வெளியவே போய்ட்சு. நீ ஒண்ணும் கவலப்படாத, நானே தொடச்சிட்டேன்." சாயங்காலம் வந்து பார்த்தால் குளியலறை வாசல் பினாயிலில் மணக்கும். கால்மிதி துவைத்து பால்கனியில் காயும். பக்கத்திலேயே அவருடைய லுங்கியும் காயும். தன் துணியைத் தானே துவைப்பது அவர் பழக்கம் என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. டப்பாவைச் சுத்தம் செய்கிறவள் நான். பூனை மூத்திரம் போனால் மணல் கட்டியாகும். தினமும் மூன்று கட்டி, சில நாள் நான்கு. ஒரு பூனைக்கு அவ்வளவுதான் என்றாள் கோட்டூர்புரத்துப் பெண். அப்படியானால் வாசலில் போனது யார்? எதிர்வீட்டுக் கடுவன் பூனை ஜன்னல் வழியாக வருகிறதோ என்று கம்பிக்கு வலை அடித்தேன். வேலைக்கு வரும் அம்மா வாளியைச் சாய்த்துவிட்டு பூனை மேல் பழி போடுகிறாளோ என்று இரண்டு நாள் அவள் பின்னாலேயே நின்றேன். "இன்னாக்கா, நா இன்னா திருடியா?" என்று அவள் முகம் சுளித்ததுதான் மிச்சம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரையே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாமாவை மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் பயம் வேறு. "அப்பா அந்த ஈரத்துல வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? எனக்கு அப்பாவா பூனையான்னா அப்பாதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதன்கிழமை பூனைக்குக் கருத்தடை ஆபரேஷனுக்கு மாமாவுக்குத் தெரியாமல் ஏற்கெனவே நாள் குறித்திருந்தேன். அதை முடித்து ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரத்தில் திருப்பி விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருப்பி விடும் பேச்சு வந்தபோது மாமா பக்கத்தில்தான் இருந்தார். "நீங்க பாத்து செய்ங்க" என்றார்.

புதன்கிழமை காலை மாமா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் பூனையைக் கூடையில் வைத்து அடையாறு டாக்டரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால், "வாயில்லா ஜீவன எதுக்கும்மா அறுத்துக்கினு" என்று ஆரம்பிப்பார். படுக்கையறைக் கதவை ஒருக்களித்துவிட்டுப் போனதால், பூனை கட்டிலுக்கடியில் தூங்குகிறது என்று நினைத்திருக்கிறார். அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை, போனை எடுக்கவில்லை. சாயங்காலம் மயக்கம் தெளியாத பூனையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். பினாயில் வாசனை. பால்கனியில் கால்மிதி. மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"மேடம் இன்னிக்கும் வெளிய போய்ட்சும்மா. நானே தொடச்சிட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். கூடையைப் பார்த்தார். கூடைக்குள் பூனை ஈனமாக ஒரு சத்தம் போட்டது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான்தான் அவசரமாக, "காலையிலேயே பண்ணிட்டுதான் மாமா வந்திருக்கு. நான் கவனிக்காம தூக்கிட்டுப் போயிட்டேன்" என்றேன். "ஆமா… ஆமாம்மா, காலையிலேயே" என்றார். அது பொய் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற சந்தேகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பூனை வருவதற்கு ஒரு மாதம் முன்பே நல்ல கால்மிதி ஒன்றைக் கிழிந்துவிட்டது என்று அவர் தூக்கிப் போட்டது. நாற்காலியைக் குளியலறைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டது. "கொண்டாயேன், அதுவும் ஒரு உயிர்தானே" என்றது. அடப்பாவி மனுஷா, பழியைச் சுமக்கத்தான் பூனைக்குச் சம்மதித்தீரா! கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஒரு வாயில்லாத பிராணியை இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அது டப்பாவைப் பழகி எத்தனையோ நாளாகியிருக்கிறது. கோபம் அடங்கியதும் அழுகை வந்தது. விசில் ஊதி ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த மனிதர், நாற்காலியிலிருந்து பத்து அடி நடப்பதற்குள் தோற்று, லுங்கியைக் கசக்கிப் பிழிந்துகொண்டு நின்றிருப்பார்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் பூனை தங்கும். ஆனால் மாமா மருமகள் முகத்தில் விழிக்க மாட்டார். பூனைக்கு வேறு வீடு கிடைக்கும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வாசல் ஈரமானபோதெல்லாம், கூடத்துக்குக் கேட்கிற மாதிரி, "சனியனே, உனக்கு எத்தனை தடவை சொல்றது!" என்று பூனையைப் பார்த்துக் கத்தினேன். கத்திவிட்டு அறைக்குள் போய் அதன் தலையைத் தடவினேன். அது ஒன்றும் புரியாமல் என்னை முறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ கீழே வந்து ஹாரன் அடித்தது. வீட்டுக்காரர் கூடையை எடுத்தார். நான் சமையலறையில் முகத்தைக் காட்டாமல் நின்றேன். அப்போது மாமா எழுந்து வாசற்படியை மறித்துக்கொண்டார்.

"டேய், கூடைய கீழ வை. அது பண்ல. நான்தான்."

"சும்மா இருப்பா. பூனைக்காகப் போய் உன் மேல பழிய போட்டுக்கினு."

"பொய் சொல்லலடா. வந்தா அடக்க முடியல. பாத்ரூம் போறதுக்குள்ள ஆயிடுது." பிறகு சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். "அவளுக்குத் தெரியும். கேளு."

நான் வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "தெரியும்" என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோவைத் திருப்பி அனுப்புகிறேன் என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார். மாமா நாற்காலிக்குத் திரும்பிப் போய் மெதுவாக உட்கார்ந்தார். நான் கூடையைத் திறந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்பலேந்து தெரியும்?"

"புதன்கிழமைலேர்ந்து."

"அப்புறம் எதுக்கும்மா மூணு நாளா அத அந்தத் திட்டு திட்டிக்கினு இருந்த?"

"உங்க காதுல விழணும்னுதான் மாமா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.