திருப்தி என்று எழுதியிருந்த தாள்

அண்ணனின் படுக்கையறையைப் பற்றித் தங்கை எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்காமல் விட்டதால்தான் என் அண்ணி ஒன்றரை வருடம் கல்யாணக் கட்டிலில் தனியாகப் படுத்தாள். எழுதட்டுமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டேன். அண்ணன் தலையாட்டினான். "எழுது. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதே" என்றாள் அண்ணி.

பாவம் என்று எழுதும்படி அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினோரு வருடமாக வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி, கை நடுங்குகிறவர்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித்தருவாள். அவளிடம் இருப்பது ஒரே பாடம். எதைச் செய்தாலும் முதலில் வாயால் சொல்ல வேண்டும். "இடது பக்கம் திரும்புறேன்." "கியர் மாத்துறேன்." சொல்லாமல் செய்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளைத்தான் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று என் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருந்தான். மூன்று முறை போர்முனைக்குப் போனான், மூன்று முறையும் திரும்பி வந்தான். வேலையை விட்டு வந்த அன்று அம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்தும் இருந்தன. "முழுசா வந்துட்டான், இனி என்ன குறை?" என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சுதான் அவன் வாயை அடைத்தது. முழுசாக வந்தவன் எந்தக் குறையை யாரிடம் போய்ச் சொல்வான்?

குறை இருந்தது. முதுகுக்குப் பின்னால் யார் நின்றாலும் அவன் உடம்பு விறைத்துவிடும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுத்த மாத்திரை, ஆசையையும் சேர்த்து அடக்கிவிட்டது. மாத்திரையால் அப்படி ஆகலாம் என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. தன் ஆண்மையே போய்விட்டதாக அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கண்ணயர்ந்திருந்தபோது, அண்ணி பின்னாலிருந்து ஆசையாகத் தோளில் கை வைத்தாள். கண் விழிப்பதற்கு முன்பே அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பள்ளியில் சொல்லிவிட்டு மூன்று வாரம் கட்டோடு வேலைக்குப் போனாள். அன்று சாயங்காலமே அண்ணன் மடக்குக் கட்டிலை ஹாலுக்கு இழுத்துவந்து, முதுகு சுவரோடு ஒட்ட, முகம் வாசலைப் பார்க்கப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவளை விரல் நுனியால்கூடத் தொடவில்லை.

அம்மாவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "பொண்டாட்டி சரியா இருந்தா புருஷன் எதுக்கு ஹால்ல படுக்கிறான்?" என்று அண்ணியின் காதுபடவே கேட்பாள். எனக்கும் அப்போது அம்மாவை அதட்டத் தைரியம் வரவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கடைசியில் ஒரு நாள் அண்ணன் அண்ணியை எதிரில் உட்காரவைத்துப் பேசினான்.

"உனக்கு முப்பத்தி நாலு வயசுதான் ஆகுது. என்கூடக் கிடந்து வீணாப் போகாதே. இந்த வருஷ மெடிக்கல் செக்கப் முடிஞ்சதும் வக்கீலைப் பார்க்கலாம். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். நீ வேற வாழ்க்கை பார்த்துக்கோ."

"என்னை ரிடையர் பண்ண நீங்க யாரு?" என்றாள் அண்ணி. "செக்கப்புக்கு நானும் வரேன். அங்க டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க. சொல்லியும் ஒண்ணும் ஆகலைன்னா அப்ப வக்கீலைப் பார்ப்போம்."

அதைக் காதில் வாங்கிய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ. அவ அங்க எதையாவது உளறிடாம பார்த்துக்கோ" என்று அனுப்பிவைத்தாள். காவலுக்குப் போனவள் நான்.

முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நீளமான கூடம், சுவரோரம் இரும்பு நாற்காலிகள், முன்னால் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் எழுத்தர். ஒவ்வொருவரும் வந்து நிற்க, அவர் உயரம், எடை, தூக்கம், பசி என்று கேட்டு எழுதி, தாளைத் திருப்பிக் கையெழுத்து வாங்குவார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். "ஒண்ணும் இல்ல சார்." காலில்லாதவர்கூட அதைத்தான் சொன்னார்.

எங்கள் முறை வந்தது. அண்ணன் கையெழுத்துப் போடக் குனிந்தபோது அண்ணி தாளின் பின்பக்கத்தைப் படித்தாள். 'தாம்பத்திய உறவு' என்ற கேள்வி இருந்தது. எதிரே நீல மையில் 'திருப்தி'. அந்தக் கேள்வியை அண்ணனிடம் யாரும் கேட்கவே இல்லை. அடியிலிருந்த வெற்றுத் தாள்களை அண்ணி விரலால் புரட்டினாள். பெயர்கூட எழுதாத தாள்கள். எல்லாவற்றிலும் திருப்தி.

"இது யாரு எழுதினது?"

"நான்தாம்மா. எல்லாரும் இதையேதான் சொல்லப்போறாங்க. காலையிலேயே எழுதி வச்சுட்டா நேரம் மிச்சம். ஆம்பளைங்ககிட்ட இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க முடியுமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் ஒரு பட்டாளத்தையே மறைத்து வைத்திருந்தார். எனக்கு உச்சந்தலை சூடேறியது. அம்மா சொல்லி அனுப்பியது சுத்தமாக மறந்துபோனது.

அண்ணி பேனாவை எடுத்தாள். ஆனால் தாளைத் தொடவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, வண்டியில் சொல்லித்தருகிற அதே குரலில் சொன்னாள்:

"இந்த வார்த்தையை அடிக்கப் போறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அவன் இப்படியே வெளியே நடந்துவிடுவான், எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வரிசையில் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணன் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றாலே விறைத்துப்போகிறவன், அத்தனை பேரையும் நேராகப் பார்த்தான்.

"சிரிச்சது யாரா இருந்தாலும் முன்னாடி வாங்க. உங்க தாள்லயும் திருப்தின்னுதான் எழுதியிருக்கு. நிஜமா இருந்தா இன்னொரு தடவை சிரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் மேஜைப் பக்கம் திரும்பினான். "அடிச்சுடு" என்றான்.

அண்ணி அடித்தாள். எழுத்தருக்கு முகம் சிவந்துவிட்டது. "திருத்தம் பண்ணினா பக்கத்துல கையெழுத்து வேணும். உங்களுக்கு இதுல கையெழுத்துப் போட இடமே கிடையாதும்மா."

"இடம் இல்லைன்னா ஓரத்துல போடுறேன்" என்று சொல்லி, போட்டும்விட்டாள். அதற்கு மேலே அண்ணன் தன் கையால் 'இல்லை' என்று எழுதினான்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு வருஷத்துல என் மேஜைக்கு வந்த முதல் 'இல்லை' இதுதான்" என்றார். மாத்திரையால் ஆசை மங்கலாம், அது ஆண்மை போனதாக ஆகாது என்று நேராகச் சொன்னார். நீங்களாக நிறுத்தாதீர்கள், நானே மாற்றித் தருகிறேன் என்றார். தூங்குகிறவரைத் தொடக் கூடாது; விழித்திருக்கும்போது, பகல் வெளிச்சத்தில், முன்னாலிருந்து, சொல்லிவிட்டுத் தொட வேண்டும். ஆறு வாரத்துக்குக் கையைப் பிடிப்பதைத் தாண்டி எதற்கும் அவசரப்படக் கூடாது. அவர் பேசப் பேச அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதைத்தான் டாக்டர் நான் பதினோரு வருஷமா மத்தவங்களுக்குச் சொல்லித்தரேன்."

பிறகு அந்த வீட்டில் விசித்திரமான சத்தங்கள் கேட்டன. "வலது பக்கமா வரேன்." "கை பிடிக்கிறேன்." "இப்ப வேண்டாம்." "சரி, வேண்டாம்." இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று அம்மா என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். சில நாள் அண்ணன் கோபத்தில் கதவைச் சாத்தினான். சில நாள் அண்ணி வண்டிக்குள் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஐந்தாவது மாதம் ஹாலில் இருந்த மடக்குக் கட்டிலை மொட்டை மாடியில் பார்த்தேன். அதன் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பதறிப்போய், "இதை யாருடா மேல கொண்டு போட்டது?" என்றாள்.

"நான்தான். இனிமே அது துணி காயப்போடத்தான்" என்றான் அண்ணன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

அடுத்த வருடப் பரிசோதனைக்கும் நான் கூடப் போனேன், இந்த முறை யாரும் அனுப்பாமல். அதே மேஜை, அதே எழுத்தர். தாளின் பின்பக்கம் இப்போது வெறுமையாக இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலை நிமிராமல், "தாம்பத்திய உறவு?" என்று கேட்டார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை.

"முதல் நாலு மாசம் ரொம்பக் கஷ்டம். இப்ப பரவாயில்லை. சில நாள் இன்னும் முடியாது. முடியாத நாள்லயும் நாங்க ஒரே கட்டில்லதான் படுக்கிறோம். அப்படியே எழுதுங்க."

எழுத்தர் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்தார். "இவ்வளவுக்கும் இதுல இடம் இல்லையே சார்."

"ஓரத்துல எழுதுங்க" என்றான் அண்ணன்.