கொக்கின் காதில் அடித்த மணி

கொக்கு என்றால்தான் கட்டட வேலைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். இருபது மாடி உயரக் கிரேன் கேபினில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர். மேகத்தைக் கையால் விலக்கிவிட்டுத்தான் மாமா கீழே பார்ப்பார் என்பான், தரையில் நின்று சிக்னல் கொடுக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவன் வாய் கிரேனைவிட நீளம்.

போன வருஷம் கொக்கின் காதுக்குள் சில்வண்டு குடியேறியது. ஒன்றா, ஒன்பதாயிரமா என்று அவருக்கே தெரியாது. ஓயாத இரைச்சல், கூடவே தலைசுற்றல். படுத்தால் கட்டில் சுற்றும், எழுந்தால் வீடே சுற்றும். இன்ஜினியருக்குத் தெரிந்தால் கிரேன் சாவியைப் பிடுங்கிவிடுவார். வேறு வேலையும் தெரியாது. முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டார்.

மனைவி அவரை மூளை அலைப் பயிற்சிக்கு இழுத்துப் போனாள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மூளை நிதானமாக இருந்தால் திரையில் மீன் நீந்தும். பதறினால் திரை இருண்டுவிடும். அவர் முறைத்த முறைப்பில் மீன் போன இடம் தெரியவில்லை. கொக்கைப் பார்த்தால் எந்த மீன் நிற்கும் என்றாள் மனைவி.

கிரேனில் பாரம் மிஞ்சினாலும், பாரம் தாங்கும் தூரத்தைத் தாண்டி வெளியே போனாலும் அபாய மணி அடிக்கும். உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நிறுத்துவது அவர் பழக்கம். காது இரைந்தாலும் அதையே செய்தார். பயிற்சி கொடுத்த அம்மா அதைக் கவனித்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றார் கொக்கு. பொய்யில்லை, உயரத்தைத்தான் சொல்லவில்லை.

"அது வெறும் சத்தம்தாங்க. வந்தா வரட்டும்னு விட்டுடுங்க" என்றார் அந்த அம்மா.

இருபது தடவை போனார். சத்தம் குறையவில்லை, பதற்றம் குறைந்தது. தலைசுற்றலும் அடங்கின மாதிரி இருந்தது. மீன் நீந்தியது. கொக்கு மேலே ஏறினார்.

மூன்றாம் நாள், கம்பிக்கட்டு ஒன்று அந்தரத்தில் இருந்தபோது காது இரைந்தது. வந்தால் வரட்டும் என்று மூச்சை மெதுவாக விட்டு, கம்பிக்கட்டை இன்னும் வெளியே நகர்த்தினார்.

வாக்கி டாக்கியில் மச்சான் கத்தினான். "மாமா, கிரேன் மணி அடிக்குது. எனக்கே கேக்குது. நிறுத்துங்க."

நிறுத்தினார். கட்டின் நிழலில் நாலு பேர் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கட்டைப் பத்திரமாக இறக்கிவிட்டு, கம்பி ஏணியில் இறங்கி வந்தார். யாருக்கும் தெரியாது, தானும் சொல்லப்போவதில்லை என்றான் மச்சான்.

"நாளைக்கு அடிக்கிறது எந்த மணின்னு எனக்கே தெரியாது மச்சான்."

 

கொக்கு நேரே போய் இன்ஜினியர் மேஜையில் சாவியை வைத்தார். மறுபடியும் முதுகுவலியா என்று கேட்டார் அவர்.

"முதுகு இல்ல சார். காது."