கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு பஸ் ஏறுகிறவர்கள்

போன வாரம் கிள்ளானில் ஒரு பேரங்காடிப் புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே ஒரு பெரிய மேசை, மேசை நிறைய அந்த அம்மையாரின் நாவல்கள். ஆங்கிலேய அம்மையார், பெயர் சொல்லத் தேவையில்லை. துப்பறியும் கதை என்றாலே அவரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். புதுப் பதிப்பாம். முதுகில் தங்க எழுத்து, அட்டையில் பூதக்கண்ணாடி, முழுத் தொகுப்பும் வாங்கினால் ஒரு தேநீர்க் கோப்பை இலவசம். கொலையைப் படிப்பதற்குக் கோப்பை எதற்கு என்று யோசித்துக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்தேன். விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"ஆன்டி, இது சூப்பர் புக்லா. யாரு கொலைகாரன்னு கண்டே பிடிக்க முடியாது."

"கண்டுபிடிச்சிட்டா? அப்புறம் என்னா பண்ணுவாங்க?"

அவள் சிரித்தாள். "அப்புறம் என்னா ஆன்டி, கதை முடிஞ்சிடும்."

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை. அவளுடைய வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும் என்று.

உங்களிடம் சொல்வதற்கென்ன. இரண்டு மாதமாக நான் நானாக இல்லை. என் மகள் தர்ஷினி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் பூக்கடைப் பக்கம் நடந்து வந்திருக்கிறாள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் ஒரு வயதான அம்மாளின் கைப்பையைப் பிடுங்க, அந்த அம்மாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தான். என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்காமல் போலீசிலும் போய்ச் சொல்லிவிட்டாள். ஆளைப் பிடித்துவிட்டோம், வந்து அடையாளம் காட்டு என்று கூப்பிட்டார்கள். அவள் கையை நீட்டிக் காட்டினால், அதற்குப் பிறகு அவளுக்கு என்ன ஆகும்? எனக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான். அம்மையாரின் புத்தகங்களில் அத்தனை பக்கம் புரட்டியவள் நான். இந்தக் கேள்விக்கு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடையிலிருந்த புதுப் புத்தகத்தில் பசை வாசம் அடித்தது. நான் படித்தவற்றில் ரச வாசம் அடிக்கும். பள்ளிப் படிப்பை முடித்ததும் எனக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். பக்கத்துச் சந்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடை. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டேதான் படிப்பார்கள் என்பதால் ஒவ்வொரு நாவலிலும் மஞ்சள் விரல் தடம் இருக்கும். எந்த இடத்தில் கதை சூடு பிடிக்கிறது என்பதை அந்தத் தடத்தை வைத்தே சொல்லிவிடலாம். பரபரப்பான பக்கங்களில் கை கழுவக்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

அம்மையாரின் துப்பறிவாளர் ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர். ஒருவன் சிரித்தால் போதும், பல்லைப் பார்த்தே அவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். இங்கே அரசாங்கப் பல் கிளினிக்கில் காலையிலிருந்து காத்துக் கிடந்தாலும் டாக்டர் நம் முகத்தையே பார்ப்பதில்லை. அது போகட்டும். கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரையும் அவர் கூடத்துக்கு அழைப்பார். எல்லோரும் வந்துவிடுவார்கள்! என் கல்யாண நிச்சயத்துக்கே எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரு ஹாலில் உட்கார வைக்க முடியவில்லை. ஒருவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார், ஒருவர் சிகரெட் பிடிக்கப் போனவர் திரும்பவேயில்லை. அங்கேயோ கொலைகாரனே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டைக் கடித்தபடி, தன் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பான். அவனுக்கு வக்கீல் கிடையாது. அண்ணன் தம்பி கிடையாது. கூட்டாளிகள் கிடையாது. பெயரைச் சொன்னதும் வெளிறிப்போய் உண்மையை ஒப்புக்கொள்வான். மற்றவர்கள் டீ குடிப்பார்கள்.

இதில் ஒரு வேலைக்காரப் பெண் வேறு வருவாள். ஜன்னல் வழியாக எதையோ பார்த்திருப்பாள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அவளுக்கு வீடு எங்கே, எந்த வழியாகப் போவாள், போகும்போது துணைக்கு யார் இருந்தார்கள்? அம்மையாருக்கு அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது அவள் பார்த்தது மட்டும்தான்.

எங்கள் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா தம்பிராஜா. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். நான் வாடகைக்கு எடுத்து வருவதை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுவார். அதுவும் கடைசியிலிருந்து. படித்ததும் முதல் பக்கத்தில் கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதி, கீழே கோடும் போட்டு வைப்பார். எனக்கு அழுகை வரும்.

"ஏன் அங்கிள் இப்படிப் பண்றீங்க? சஸ்பென்சே போயிடுச்சு!"

"சஸ்பென்ஸ் வேணுமெண்டால் அந்த அலுமாரியைத் திறந்து பாரும் பிள்ளை. உள்ள கிடக்கிற கேஸ் ஒண்டுக்கும் முடிவு எனக்கே தெரியாது."

அலமாரியைத் திறந்து பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் நாவலை வைத்துக்கொண்டு, வருகிற கட்சிக்காரர்களின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கறையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அந்த அலமாரிக்குள் இருந்த கேஸ் ஒன்றில்தான் பந்திங் அக்கா வந்தார். பந்திங்கில் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடை வாசலிலேயே ஒருவன் இன்னொருவனைப் பாராங்கத்தியால் வெட்டிவிட்டான். பார்த்தது அவர் ஒருவர்தான். வெட்டுப்பட்டவரின் குடும்பத்துக்கு எங்கள் வக்கீல். கோலாலம்பூரில் வேறு யாரையும் தெரியாததால், கோர்ட்டுக்கு வரும் நாளெல்லாம் அக்கா முதலில் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வருவார். இரண்டு பஸ் மாறி, கையில் வடைப் பொட்டலத்தோடு. "நம்ம கடை வடைதாம்மா, சூடு கொறஞ்சிருக்கும், சாப்பிடு" என்பார். வந்த பிறகு கேஸ் தள்ளிப்போயிருக்கும். நீதிபதி லீவு. டாக்டர் வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வயிற்றுவலி. அக்கா வடையை எங்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். எத்தனை தடவை என்று நினைவில்லை. கடைசியில் ஒரு நாள் கூண்டில் ஏறி, "இவருதாங்க" என்று காட்டிவிட்டார்.

ஆகா, முடிந்தது என்று நினைத்தேன். கூடத்தில் எல்லோரும் டீ குடிக்கிற கட்டம்.

சில நாள் கழித்து அக்கா அலுவலகத்துக்கு வந்தார். அந்தத் தடவை வடை இல்லை.

"அய்யா, இனிமே என்னை எதுக்கும் கூப்பிடாதீங்க."

"ஏம்மா, என்னா ஆச்சு?" என்றார் வக்கீல்.

"சாட்சி சொன்ன அன்னிக்கு பஸ்ல ஏறினேன். வெட்டுனவன் தம்பி பின்னாலயே ஏறினான். 'டிக்கெட் நானே எடுத்துட்டேன்க்கா'ன்னான். எனக்குப் பின் சீட்ல உக்காந்து பந்திங் வரைக்கும் கச்சான் கடலை சாப்பிட்டுக்கிட்டே வந்தான்."

"மிரட்டினானா? என்னா சொன்னான்?"

"ஒன்னும் சொல்லலைங்க. எறங்கறப்ப, 'பாத்து எறங்குங்கக்கா'ன்னான்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "அதுல குத்தம் ஒன்னும் இல்லையேம்மா."

 அக்கா எழுந்து போய்விட்டார். கடையை மூடிவிட்டு ஜொகூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டதாகப் பின்னால் தெரிந்தது. 

இதையெல்லாம் பார்த்த பிறகாவது நான் அந்த நாவல்களைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் இல்லையா? எறியவில்லை. அன்று மாலை கிள்ளான் பஸ்ஸில் மிச்ச அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். அதோடு விட்டேனா, தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதானபோது இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று அதே புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தேன். இங்கிலீஷ் நன்றாகத்தான் வந்தது. போலீஸ் ரிப்போர்ட்டை அவள்தான் மடமடவென்று சொல்லி எழுத வைத்தாளாம்.

அடையாளம் காட்டப் போன அன்று பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் கார் நகரவேயில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"சரியா தெரியலன்னு சொல்லிடும்மா. ஹெல்மெட் போட்டிருந்தான்னு சொல்லு."

"அம்மா, நான் பாத்தேன்லா. மூக்குப் பக்கத்துல வெட்டுக் காயம் இருந்துச்சு."

"வெட்டுக் காயம் யாருக்குத்தான் இல்ல?"

"அந்தப் பாட்டிக்கு இடுப்பு போச்சும்மா. பேசாம இருக்கச் சொல்றீங்களா?"

"பாட்டிக்கு அவங்க பிள்ளைங்க இருக்காங்க. எனக்கு நீ ஒருத்திதான்."

"அந்த டிடெக்டிவ் புக்கெல்லாம் வாங்கிக் குடுத்தது யாரு? நீங்கதானே?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தன்னைச் சுற்றிக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பாவிடம் போனில் புலம்பினேன். "உண்மையைச் சொல்லட்டும், நீ தடுக்காதே" என்று வீரமாகச் சொன்னார். அவருக்கு வேலை நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில். அங்கே மோட்டார் சைக்கிள் வராது.

போலீஸ் நிலையத்தில் தர்ஷினியை மட்டும் உள்ளே கூட்டிப் போனார்கள். "ஆன்டி, நீங்க இங்கயே இருங்க" என்று ஒரு நீளப் பெஞ்சைக் காட்டினார்கள். அதில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். துப்புரவு வேலைச் சீருடை, மடியில் பிளாஸ்டிக் பை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து நெருங்கி வந்தார்.

"உங்க பையனையும் புடிச்சிட்டாங்களா?"

யாரோ ஒருவரின் பையனைக் காட்டிக்கொடுக்க என் பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? "ஆமா" என்றேன்.

"எத்தன வயசு?"

"பத்தொம்பது."

"அய்யோ, நம்ம பையனுக்கு ஒரு வயசு கூட. அழாதீங்க. செராஸ்லேர்ந்து வேலைக்கு லீவு சொல்லிட்டு ஓடியாந்தேன். காலையிலேர்ந்து ஒன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, இந்தாங்க." பையிலிருந்து ஒரு கறிபாப் பலகாரத்தை எடுத்துப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார். வாங்கிக் கடித்தேன். உள்ளே உருளைக்கிழங்கு மசாலா.

"இன்னிக்கு யாரோ வந்து பாப்பாங்களாம். கசங்குன சட்டையோட நின்னா பாக்கிறவங்களுக்குத் திருடன் மாதிரிதானே தெரியும்? அதான் ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம்ல ஒரு பச்ச சட்டை வாங்கியாந்து உள்ள குடுத்து உட்டேன். மனுசனா நிக்கட்டும்."

கதவு திறந்தது. "அம்மா, முடிஞ்சிருச்சு. வாங்க போலாம்" என்றாள் தர்ஷினி.

அந்தப் பெண் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் மிச்சமிருந்த கறிபாப்பைப் பார்த்தார். நான் எழுந்தேன்.   அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"பொண்ணு அப்படியே உங்கள மாதிரி இருக்கு."

காரில் ஏறி, கதவைப் பூட்டிய பிறகு கேட்டேன். "காட்டுனியா?"

"காட்டினேன்மா. அவன்தான். அந்த வெட்டு அப்படியே இருக்கு."

"என்னா சட்டை போட்டிருந்தான்?"

"சட்டையா? பச்சைம்மா. புதுசு, மடிப்புகூடக் கலையல. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

வாழ்நாளில் நான் துப்பறிந்து கண்டுபிடித்தது அது ஒன்றுதான். யாருக்கு என்ன பயன்? அந்தப் பெண் சொன்னது சாபமா, எச்சரிக்கையா, இல்லை பிள்ளை பெற்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் வழக்கமாகச் சொல்வதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மையாரின் பல் வைத்தியரைக் கொண்டுவந்து அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தாலும் அவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, பல்லும் தெரியவில்லை.

எங்கள் வீட்டு கேட்டைப் பகலில் பூட்டியதே இல்லை. தெருப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், பந்து உள்ளே விழுந்தால் "ஆன்டி, பந்து!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து எடுத்துக்கொண்டு, அப்படியே குழாயில் வாய் வைத்துத் தண்ணீரும் குடித்துவிட்டுப் போவார்கள். அதட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது கேட்டில் இரண்டு பூட்டு. கூப்பிட்டால் திரையை விலக்கி யார், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். முதலில் கொஞ்ச நாள் காத்து நின்றார்கள். பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பூச்செடிகளுக்கு நடுவில் மூன்று பந்துகள் கிடக்கின்றன, வெயிலில் நிறம் வெளுத்து. எடுத்து வெளியே எறிந்துவிடலாம்தான். அதற்கு நான் கதவைத் திறக்க வேண்டும்.