காற்றுப் பக்கம் சாய்ந்த பந்தயப் படகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆவி, பேய், பர்மாக்காரர்கள் கும்பிடுகிற நாட் என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். ரங்கூனில், கியாக்டடா பக்கம், படகுக்குப் பெயிண்டும் கயிறும் விற்கிற கடை என்னுடையது. படகுக்காரர்கள் அவிழ்த்துவிடாத கதையா? எல்லாக் கதைக்கும் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பொய் இருக்கும் என்பது என் கட்சி. இப்போதும் அதே கட்சிதான், இந்த ஒன்றைத் தவிர. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் மீனாவைக் கட்டியவர் கோ மின், பர்மியப் பையன். தமிழ் பாதி பேசுவார், மீதியைச் சிரித்தே சமாளிப்பார். பாய்மரம் ஏற்றத் தெரிந்தவர். மீனா முழுகாமல் இருந்த சமயத்தில் ஊ மியின் என்கிற பெரியவர், பழைய படகுகளை வாங்கி விற்பவர், இவரைத் தேடி வந்தார். ரங்கூனுக்கு வெளியே கியாக்தான் ஆற்றுத் துறையில் தேக்குப் படகு ஒன்று நிற்கிறதாம், அந்தக் காலத்தில் சமுத்திரம் தாண்டிப் பந்தயம் ஓடினதாம், தாய்லாந்தில், புக்கெட்டில் ஒருவர் வாங்கியிருக்கிறார், ஓட்டிக்கொண்டுபோய் விட வேண்டும், ரெண்டே பேர் போதும் என்றார். கோ மின் உடனே தலையாட்டிவிட்டார். புள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு இந்த மனிதர் நடுக்கடலுக்குப் போவதா? ஏதாவது குறை கண்டுபிடித்துத் தடுத்தே தீருவது என்று நானும் கியாக்தானுக்குப் போனேன்.

படகு அழகுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன். உள்ளே சுவர் நெடுக சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஜெயித்த பந்தயம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கடைசித் தகடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாலு திருகாணி ஓட்டைகள்.

"இது எங்கங்க?" என்றேன்.

"யாரோ திருடிட்டாங்க, சயா" என்றார் ஊ மியின். சயா என்றால் இங்கே ஐயா மாதிரி.

"இத்தனையும் விட்டுட்டு அது ஒன்ன மட்டுமா?"

அவர் எனக்கு டீ ஊற்றினார். ரொம்ப நேரம் ஊற்றினார். "கடைசிப் பந்தயத்துலயும் இதுதான் மொதல்ல வந்துச்சு. ஆனா ஒரு ஆளு கொறஞ்சு வந்துச்சு. அலையில போயிட்டாரு."

"திரும்பிப் போய் தேடலயா?"

"பந்தயம் இல்லீங்களா சயா அது."

இந்த மனிதர் இதை மறைக்கப் பார்த்தார் என்றால் உளுத்த பலகையையும் மறைத்திருப்பார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நல்ல வெயிலில் பாய் ஏற்றி ஆற்றில் ஒரு சுற்று போனோம். காற்று வலப்பக்கமிருந்து வந்தது. வலமிருந்து காற்று தள்ளினால் படகு இடப்பக்கம்தானே சாய வேண்டும்? இது வலப்பக்கம் சாய்ந்தது, மூன்று பேரும் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும்போது. அந்தப் பக்கம் கிழவர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு படகைத் திருப்பினார்கள், காற்று இடப்பக்கம் மாறியது. நாங்கள் வலப்பக்கம் மாறி உட்கார்ந்தும் படகு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

"பந்தயத்துல ஆளுங்க அப்படித்தான் உக்காருவாங்க மாமா" என்றார் கோ மின், வேடிக்கையாக. "காத்து வர்ற பக்கம். படகு திரும்பினா இவங்களும் அந்தப் பக்கம் ஓடுவாங்க."

ஊ மியின் சிரிக்கவில்லை. நான் இறங்கி அடிப்பலகை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இருந்தால் பள்ளமான பக்கம் ஓடும், அதுவாக இருக்கும் என்றுதான். சொட்டுத் தண்ணீர் இல்லை, கல் இல்லை, மூட்டை இல்லை, தூசிதான் இருந்தது. மேலே வந்து ஓரப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கை வைக்க முடியாமல் சுட்டது. ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் மட்டும் சில்லென்று இருந்தது. அப்போதும் நான் பலகை மாற்றி ஒட்டுப் போட்டிருக்கிறான் கிழவன் என்றுதான் திட்டினேன்.

குறை என்று சொல்ல ஒன்றும் சிக்கவில்லை. கிளம்பும் நாளில் துறையில் நின்று, நம் வழக்கம் விடுமா, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எல்லாரும் நல்லபடியா போயிட்டு வாங்க. வந்ததும் நம்ம வீட்லதான் சாப்பாடு." போகிறவர்கள் கோ மின், ஊ மியின் இரண்டே பேர், நான் எல்லாரும் என்றேன். அதுவரை சாய்ந்தே நின்ற படகு நிமிர்ந்தது. அலை என்று நினைத்துக்கொண்டேன்.

புக்கெட் போய்ச் சேர்ந்து கோ மின் போன் செய்தபோது அவர் குரலே சரியில்லை.

"மாமா, ராத்திரி பெரிய அலை. நான் வெளிய விழுந்துட்டேன், இடுப்பு வரை தண்ணிக்குள்ள போயிட்டேன். யாரோ சட்டை காலர் புடிச்சு தூக்கிட்டாங்க."

"ஊ மியினா?"

"அவர் கீழ இருந்தார். டீ கப் கையில வச்சுக்கிட்டுத்தான் மேல வந்தார்."

பயத்தில் எதையாவது சொல்வார் என்று விட்டுவிட்டேன். துறையில் கட்டியதும் படகு நேராக நின்றதாம், வாங்கினவருக்கு ரொம்பத் திருப்தியாம். அதைக் கேட்டு நானும் நிம்மதியானேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

கோ மின் திரும்பி வந்ததும் மீனா ஒரே பிடிவாதம், ஆற்று நடுவில் இருக்கிற கியாக்தான் பகோடாவுக்குப் போய்க் கும்பிட்டே ஆக வேண்டும் என்று. சின்னப் படகில்தான் கடக்க வேண்டும். நானும் மீனாவும் ஒரு பக்கம். என் உடம்பைத்தான் பார்க்கிறீர்களே, அவளோ நிறைமாதம். ஒல்லிக்குச்சி கோ மின் எதிர்ப்பக்கம் தனியாக. படகு அவர் பக்கம் தாழ்ந்தது. படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "அந்தப் பக்கம் ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்க வாங்க" என்றார். நிமிர்ந்தார். கோ மினைப் பார்த்தார். கோ மின் எழுந்து எங்கள் பக்கம் வந்தார், தண்ணீர் எங்கள் பக்க விளிம்பைத் தொட்டது. மீனா சிரித்தாள். நான் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயந்துபோனேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

குழந்தை பிறந்தாயிற்று, நன்றாக இருக்கிறது; பேறுகாலத்துக்கு வந்த மீனா இன்னும் என் வீட்டில்தான். வீட்டில் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. என் மருமகனைக் கடலிலிருந்து தூக்கிக் கொடுத்த கை அது, அதைத் துரத்த எனக்கு மனசு வரவில்லை. துரத்தவும் எப்படி? வீட்டுக்கு வந்தவர்களை வெறுமனே போ என்று சொல்ல நமக்கு வாய் வருமா? போயிட்டு வாங்க என்றால் மறுபடி கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு கோ மின் கிளம்பும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறேன். மாமாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று மீனாவிடம் கேட்டாராம், பாவம்.

ஆனால் அவர் படியிறங்கின உடனே நான் கதவைச் சாத்துவதில்லை. கொஞ்ச நேரம் திறந்தே வைத்து, விலகி நின்று, பிறகுதான் சாத்துகிறேன். மீனா ஏன் என்று கேட்டால் காற்று வரட்டும் என்கிறேன்.