ஃப்ரீ றூம் வேரோனிக்கா

தபால்பெட்டியடியில் நின்றபடியே வேரோனிக்கா கொண்டையூசியால் உறையைக் கிழித்துவிடுவார். மின்சாரக் கட்டணம், பல் வைத்தியரின் நினைவூட்டல், வீடு விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்கும் முகவரின் சிரித்த முகம் எல்லாம் கக்கத்துக்குள் போகும். நயாகராவிலிருந்து கசினோக்காரர் அனுப்பும் பளபளப்பான அட்டையென்றால் மட்டும் வீடு போய்ச் சேரும்வரை அவருக்குப் பொறுமை கிடையாது. ரொறன்ரோவின் மில்லிக்கனில் அவர்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான பெட்டி தெருமுனையில் இருக்கிறது. தைமாதக் குளிரிலும் அங்கேயே நின்று, ஒரு கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு வாசிப்பார். முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளில் அவருக்கு அக்கறை இல்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்திருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

"முன்பக்கம் அவங்கட ஆசை. பின்பக்கத்திலதான் எங்கட வண்டவாளம் கிடக்கு" என்பார்.

வயது ஐம்பத்து மூன்று. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளர். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மறதிக்காரர் சொல்லும் ஒரே கதைக்கு ஒன்பதாவது தடவையும் ஆச்சரியப்படுவது அவர் தொழில். கசினோவை அறிமுகப்படுத்தியதும் அந்த வேலைத்தலம்தான். கூட வேலை செய்யும் சீனச் சிநேகிதி ஒரு விடுமுறை நாளில் பஸ்சில் கூட்டிப்போனாள். மற்றவர்கள் மெசின்களை நோக்கிப் பாய, வேரோனிக்கா உறுப்பினர் அட்டை கொடுக்கும் வரிசையில் போய் நின்றார். அட்டையோடு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சீட்டும் தந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு போட்ட வீட்டில் சொல்லாமல் எழும்பிப் போகக்கூடாது என்பதுபோலக் கொஞ்சநேரம் ஒரு மெசினைத் தட்டிவிட்டு வந்தார். மூன்று கிழமையில் முதற் கடிதம் வந்தது. ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை எந்த இரவென்றாலும் வந்து தங்கலாம். அறைக்குக் காசில்லை.

அன்றிலிருந்து ஆறு வருடமாகப் போய்வருகிறார். கசினோக்காரர் அவருடைய பிறந்தநாளுக்கு ரெலிபோன் எடுத்து வாழ்த்துகிறார்கள். "என்ர சொந்தத் தமையன் மறந்தாலும் அவங்கள் மறக்கமாட்டாங்கள்."

அங்கே அவருக்கென்று சட்டங்கள் உண்டு. ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு காசுத் தாள். அது முடிந்தால் எழும்பிவிட வேண்டும். பட்டனை அவசரப்பட்டுத் தட்டக்கூடாது. "உரலில மா இடிக்கிற மாதிரி இடிச்சால் பத்து நிமிசத்தில தாள் பறந்திடும். ஒருக்காத் தட்டோணும், கோப்பியில ஒரு மிடறு குடிக்கோணும், பக்கத்தில இருக்கிற மனிசியோட ரெண்டு கதை கதைக்கோணும், பேந்து தட்டோணும்." மெசினோடு கோபிக்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. கழுத்தில் தொங்கும் சின்னச் சிலுவையை வாசலிலேயே சட்டைக்குள் விட்டுவிடுவார். "அவருக்கு வேற வேலை கிடக்கு. உதுக்குள்ள அவரை இழுக்கக்கூடாது."

அறைக்குள் நுழைந்ததும் அது மில்லிக்கன் வீடாகிவிடும். அயன் போடும் பலகையை விரித்து மேலே ஒரு துவாயைப் போட்டால் பந்தி மேசை தயார். குளிர்ப்பெட்டிக்குள்ளிருந்து இடியப்பம், சம்பல், சொதிப் போத்தல், மீன் பொரியல் எல்லாம் வரிசையாக வெளியே வரும். பதினேழு வயது மகள் மெலனி மூக்கைப் பொத்துவாள்.

"அம்மா, ஹோல் ஃப்ளோரும் மீன் மணக்குது. சோ எம்பரசிங்!"

"மணத்துக்குத் தனிக் காசு எடுக்கிறாங்கள் இல்லை. சாப்பிடு பிள்ளை."

புறப்படும் காலையில் மட்டும் வேரோனிக்கா தாராளமாகிவிடுவார். அறை துப்புரவு செய்ய வருகிற பெண்ணுக்கென்று தலையணையில் காசு வைத்து, அது விழாமல் ஒரு தேநீர்க் கோப்பையையும் மேலே வைப்பார். "என்ர தங்கச்சியும் ஒரு நாட்டில உந்த வேலைதானே செய்யிறாள்."

இப்படி இலவசத்துக்கு அவர் அலைவதைப் பார்ப்பவர்களுக்கு இது கஞ்சத்தனம் என்று தோன்றும். அப்படி இல்லை என்று விளங்க அவருடைய கணவர் சீமோனைத் தெரிந்திருக்க வேண்டும். சீமோன் இருபத்தொரு வருடமாகப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர். ஆனால் எந்த விலையைக் கண்டாலும் மனதுக்குள் அதை வேலை நேரமாக மாற்றிவிடுவார். ஒருமுறை காசு கட்டி மொன்றியலுக்குக் குடும்பமாகப் போனார்கள். ஹொட்டேல் வாசலில் நின்று, "உது என்ர ரெண்டு ஓவர்ரைம்" என்றார். மகள் ஐஸ்கிறீம் கேட்டபோது, "இருபது நிமிசம்" என்றார். தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றும்போதுகூட உண்டியலைப் பார்த்து, "பத்து நிமிசம்" என்று முணுமுணுத்தார். அந்தப் பயணத்தில் யாருமே சிரிக்கவில்லை. அதே சீமோன், நயாகராவில் முதல் இலவச அறைக்குள் நுழைந்ததும் காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலின் குறுக்கே விழுந்து, கலியாணத்துக்கு முன்பு பாடிய பைலாப் பாட்டை விசிலடித்தார். தன் வீட்டாருக்குச் சந்தோஷப்படத் தெரியும், காசு கொடுத்துச் சந்தோஷப்படத்தான் தெரியாது என்று வேரோனிக்கா கண்டுபிடித்தது அன்றைக்குத்தான்.

தங்கை நிரோஷினி அதிலும் ஒரு படி மேல். பாரிஸில் ஒரு ஹொட்டேலில் பதினொரு வருடமாக அறை துப்புரவு செய்கிறாள். ஒரு நாளைக்குப் பதினாறு கட்டில் விரிக்கிறவள், விருந்தாளியாக ஒரு ஹொட்டேல் கட்டிலில் படுத்ததில்லை. இந்த ஆடி மாதம் தன் இரண்டு சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ வந்திறங்கினாள். கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வந்த நாளிலிருந்து அக்கா வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவாமல் விட்டதில்லை. கொத்துரொட்டி சாப்பிடப் பிளாசாவுக்குக் கூட்டிப்போனால், விலைப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்குப் பசிக்கேல்லை அக்கா, பிள்ளையள் சாப்பிடட்டும்" என்றாள். ஆருக்கும் பாரமாகிவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு எலும்புக்குள் இருந்தது.

ஆகவேதான் வேரோனிக்கா சமையலறையில் வைத்து அறிவித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நயாகராவுக்குப் போறம். ரெண்டு நாள். ரெண்டு றூம். ஒரு சதம் இல்லை."

"மெய்யாவோ அக்கா?"

"மெய்யா. அவங்களே கடிதம் போட்டுக் கூப்பிடுறாங்கள். போகாட்டில் மனவருத்தப்படுவாங்கள்."

நிரோஷினி ரொறன்ரோ வந்தபின் முதற்தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

ஞாயிறு மத்தியானம் சீமோனின் வான் வண்டியில் ஆறு பேரும் ஏறினார்கள். காசு வாங்குகிற நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், வேரோனிக்காவின் அட்டையைப் பார்த்தாள், திரும்பவும் கணினியைப் பார்த்தாள். முதல் அறை இலவசம், அதில் பிரச்சினை இல்லை. இரண்டாவது அறை, வசந்த காலத்தில் வந்து விளையாடிய உறுப்பினர்களுக்கு மட்டும்தானாம். வேரோனிக்காவுக்கு மாசியில் முழங்காலில் சத்திரசிகிச்சை. வசந்தம் முழுக்க அவர் இந்தப் பக்கம் வரவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் அது எழுதியிருந்தது. ஆனால் அந்தக் கடிதம் வந்த நேரத்தில்தான், விமான ரிக்கெற் போட்டுவிட்டதாக நிரோஷினி அழைத்திருந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதற்தடவையாக வேரோனிக்கா முன்பக்கத்தை மட்டும் வாசித்திருந்தார்.

இன்றைக்கு நன்றாக விளையாடினால் இரண்டாவது அறையின் காசையும் கழிக்க முடியுமா என்று பிறகு பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண்.

பின்னால் நிரோஷினி நின்றாள். இரண்டு சிறுமிகளும் கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்கை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேரோனிக்கா இரண்டு அறைகளின் திறப்புகளையும் வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"ரெண்டும் ஃப்ரீ!"

எல்லோரும் நீர்வீழ்ச்சி பார்க்கப் புறப்பட்டபோது, முழங்கால் நோகிறது என்று சொல்லி அவர் பின்தங்கினார். நேரே கசினோவுக்குள் போனார். முதல் தாள் வழக்கம்போல ஆறுதலாக முடிந்தது. அவர் எழும்பவில்லை. இரண்டாவது தாள் போனது. கோப்பி தொடாமல் ஆறிக்கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரி ஏதோ கேட்டாள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதைப் போட்டபோது சிலுவை சட்டைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

"முழங்கால் நோகுதெண்டெல்லோ சொன்னனீர்?"

சீமோன். சாரலில் நனைந்த தலை, கையில் சிறுமிகளின் ஈரச் சட்டைகள். இந்தச் சத்தம் தலையிடி தரும் என்று ஆறு வருடமாகக் கசினோவுக்குள் கால்வைக்காத மனிதர், அறையில் ஆளைக் காணாமல் திறப்புத் தேடி வந்திருந்தார்.

"இருந்துகொண்டுதானே இருக்கிறன்" என்றார் வேரோனிக்கா.

சீமோன் அவருடைய கையைப் பார்த்தார். "உதென்ன, மா இடிக்கிறீரோ?"

கை நின்றது.

"எத்தினையாவது தாள்?"

"மூண்டு."

மனைவி பொய் சொல்லாமல் மூன்று என்றதும் சீமோன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வேரோனிக்கா மெசினைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டாவது றூம் ஃப்ரீ இல்லை. நான் பின்பக்கம் வாசிக்கேல்லை. இன்னும் கொஞ்சம் விளையாடினால் கழிப்பினமாம்."

"கழிப்பினம் எண்டு சொன்னவையோ, பாப்பம் எண்டு சொன்னவையோ?"

"பாப்பம் எண்டுதான்." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "அவளிட்டை ஃப்ரீ எண்டு சொல்லிப்போட்டன். காசெண்டு தெரிஞ்சால் அவளால ஒரு நிமிசம் சந்தோசமா இருக்கேலாது. உங்களுக்குத் தெரியாதே?"

சீமோனுக்குத் தெரியாமல் இருக்குமா? அறை எவ்வளவு என்று கேட்டார். வேரோனிக்கா சொன்னார். சீமோன் கூரையை அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. வேரோனிக்கா காத்திருந்தார்.

"நாலு சனிக்கிழமை" என்றார் சீமோன். பிறகு ஈரச் சட்டைகளை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "போகட்டும். சனிக்கிழமை வந்துகொண்டுதானே இருக்கும். எழும்பும்."

வரவேற்பு மேசையில் தன்னுடைய அட்டையை நீட்டிக் காசைக் கட்டிவிட்டு, "அவளிட்டை நானும் ஃப்ரீ எண்டே சொல்லுறன்" என்றார். லிஃப்டில் ஏறியபோதுதான் சிலுவை சட்டைக்கு வெளியே தொங்குவதை வேரோனிக்கா கண்டார். காசு வெல்லும் ஆசை தனக்கு ஒருநாளும் வராது என்று அவருக்குத் தெரியும். ஓர் இலவசத்தைக் காப்பாற்றப் போயும் அந்த மெசின் கதிரையில் ஒட்டிக்கொள்ளலாம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்ச நாளில் அவர் கீழ்த்தளத்துப் பக்கம் போகவே இல்லை.

போக நேரமும் இருக்கவில்லை. திங்கள் முழுவதும் அவர்கள் நீச்சல் தடாகத்திலேயே கிடந்தார்கள். முழங்காலளவு தண்ணீரில் பயந்து நின்ற நிரோஷினியை மெலனி முதுகில் கைகொடுத்து மிதக்க வைத்தாள். "சித்தி, ரிலாக்ஸ்! தலையை விடுங்கோ!" ஒரு கட்டத்தில் நிரோஷினி தலையை விட்டாள். காதுக்குள் தண்ணீர் போக, கண்ணை மூடிக்கொண்டு, அரை மணித்தியாலம் அப்படியே மிதந்தாள். சாப்பாட்டுச் சீட்டுக் கொடுத்துப் போன விருந்தில் இரண்டாந்தரமும் இறால் போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த சீமோன் எழும்பிப்போய் மூன்றாந்தரம் போட்டுக்கொண்டு வந்தார்.

செவ்வாய் காலை வேரோனிக்கா கோப்பியைக் குடித்துக்கொண்டே தங்கையின் அறைக்குப் போனார். மணி ஒன்பதரை. நிரோஷினி அப்போதுதான் எழும்பியிருந்தாள். ஹொட்டேலின் வெள்ளை அங்கி, கலைந்த தலை, கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. சிறுமிகள் இன்னும் நித்திரை.

"அக்கா, இது கதவுக்குக் கீழ கிடந்தது."

ஓர் உறை. பிரிக்கவில்லை. வேரோனிக்கா வாங்கிப் பிரித்தார். இரண்டாவது அறையின் பில். தொகை, வரி, சீமோனின் அட்டையின் கடைசி நாலு இலக்கம், எல்லாம் இருந்தன.

"என்னவாம்?"

"திரும்பவும் வரச்சொல்லி எழுதியிருக்கிறாங்கள்."

நிரோஷினி அக்காவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பதினொரு வருடமாக, விருந்தாளிகள் புறப்படும் காலைகளில், அறைக் கதவுகளுக்குக் கீழே இதே பில் உறைகளைத் தள்ளிக்கொண்டு போகிறவள் அவள்.

"நல்ல மனிசர்" என்றாள். "அப்ப அடுத்தமுறை பிள்ளையளின்ர அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

வேரோனிக்கா கடிதத்தை நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார், தான் குடித்து முடித்த கோப்பிக் கப்புக்குள் திணித்து, மூடியை இரண்டு பெருவிரல்களாலும் நன்றாக அழுத்தி மூடினார்.