தீப்பெட்டியைத் தெருவுக்கு நகர்த்தியவர்

செய்தியைச் சொன்னவர் எங்கள் செக்சன் கலியமூர்த்தி. காலையில் போன் செய்து, "நம்ம அமலம் மேடம் தவறிட்டாங்க சார். மூச்சு விட முடியாமயே போயிட்டாங்க" என்றார். அடுத்த நொடி போனில் தீக்குச்சி உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. துக்கம் தாங்காமல் பற்றவைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வீட்டுக்குள்ளேயா என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்கும் உரிமை இருந்த ஒரே ஆள் போய்விட்டதால் கேட்கவில்லை.

அமலோற்பவம் என்பது முழுப்பெயர். வரதராசன்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் அரியலூர் அலுவலகத்துக்கு வருவார். அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அந்த அறை நினைவிருக்கும். ஐந்து மேசைகள், ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலை. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று கலியமூர்த்தி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்ன நாளிலிருந்து ஜன்னலைச் சாத்தியே வைத்தோம். உடல்நலத்தில் அத்தனை அக்கறை எங்களுக்கு. சாத்திய ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஆண்கள் நான்கு பேரும் நாள் முழுக்கப் புகைத்தோம். ஐந்தாவது மேசை அவருடையது. என் மேசைக்கு நேர் எதிரே.

அறைக்குள் புகைக்கக் கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது. அதைக் கடைப்பிடித்தால் போதும் என்று அமலம் மேடம் ஒரு மனு எழுதி, கையெழுத்துக்காக மேசை மேசையாகக் கொண்டுபோனார். இப்படிப்பட்ட காரியங்களுக்கு மக்கள் ஆதரவைத் திரட்டுவது கடினம் என்று சொல்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. இங்கே ஆதரவுக்குப் பஞ்சமே கிடையாது. ஒருவர்கூட மறுக்கவில்லை. கலியமூர்த்தி, பேனா பிடிப்பதற்காக சிகரெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டதோடு மனுவில் இரண்டு வாக்கியங்களைச் சீர்ப்படுத்தியும் கொடுத்தேன். மனுவின் மேல் சாம்பல் விழுந்தபோது ஊதித் துடைத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "எல்லாரும் என் பக்கந்தான் சார். பொகையும் என் பக்கந்தான் வருது" என்றார்.

மனுவுக்குப் பலன் இருந்தது. தகரத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை வந்தது. அதைச் சுவரில் என் தலைக்கு மேலே மாட்டினார்கள். அதன் கீழ் விளிம்பு சிகரெட்டை அணைக்க மிகவும் வசதியாக இருந்தது.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. திருச்சிக்குப் போய்க் காட்டினார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாராம். "நான் புடிச்சதில்லைங்க. எங்க செக்சன் புடிச்சுது" என்று இவர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் அலுவலகத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். அன்று முதல்முறையாக நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்ப் பற்றவைத்தேன். பெரிய தியாகம் செய்த முகத்தோடு திரும்பி வந்தேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "வராண்டா வரைக்கும் போயிட்டீங்க. பரவால்ல. இன்னும் வாசல் இருக்கு, தெரு இருக்கு. மெதுவா போங்க சார்."

செந்துறைக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் அவருடைய முதல் வெற்றி கிடைத்தது. அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. உள்ளே பாய்லர் பக்கத்துத் தூணில் கயிறு கட்டி ஒரு லைட்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெஞ்சில் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் முகத்துக்கு நேரே அத்தனை புகையும் வரும். வெளியே போகச் சொன்னால் வாடிக்கை போய்விடும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "அண்ணே, நீங்க யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க. இந்தக் கயித்த மட்டும் அவுத்து அந்தப் புளியமரத்துல கட்டிடுங்க" என்றார் அமலம் மேடம். அவரும் கட்டினார். ஒரு வாரத்தில் புகைக்கிறவர்கள் அத்தனை பேரும் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குக் குடிபோய்விட்டார்கள். யாருக்கும் கோபம் இல்லை. யாரும் கவனிக்கவே இல்லை. மழை பெய்யும்போது மட்டும் திரும்பி உள்ளே வந்தார்கள். நல்லவேளையாக, செந்துறைப் பக்கம் மழை அதிகம் கிடையாது.

"ஆள நகத்த முடியாது சார். நெருப்ப நகத்தலாம்" என்பார். மனுவில் செலவழித்த வருடங்களை நினைத்து அவருக்கு ஆயுள் முழுக்க எரிச்சல் இருந்தது. நியாயமான எரிச்சல்தான்.

ஓய்வு பெற்ற பின் அவர் கையிலெடுத்தது சாவு வீடுகளை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டு, சிகரெட், தீப்பெட்டி எல்லாம் ஒரு தட்டில் வைப்பது நம் பக்கத்து மரியாதை. தட்டு நடுக்கூடத்தில் இருக்கும். அவர் போனதும் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அந்தத் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் ஒரு நாற்காலிமேல் வைத்துவிடுவார். திருமழபாடியில் ஒரு வீட்டில் நானும் உடன் இருந்தேன். பங்காளி ஒருவர் வழிமறித்தார். "பொணத்துக்குப் பொகை பட்டா என்னங்க ஆயிடும்?" அமலம் மேடம் தட்டைக் கீழே வைக்கவில்லை. "பொணத்துக்கு ஒண்ணும் ஆவாதுங்க. சுத்தி ஒக்காந்து அழுவுற பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க? அவங்களால எந்திரிச்சா போவ முடியும்?" என்று கேட்டார். தட்டோடு அவர் போக அந்தப் பெண்கள் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடைசி மாதங்களில் அவர் வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த பழைய நண்பர் ஒருவர் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒடம்பப் பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லியபடி சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். அமலம் மேடத்தின் கணவர் ஆரோக்கியசாமி பாய்ந்து போய்க் கையைப் பிடித்தார். அந்த நண்பரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்தான்.

அன்று நான் கிளம்பும்போது அமலம் மேடம் கூப்பிட்டு, குழாயை மூக்கிலிருந்து சற்று நகர்த்திக்கொண்டு சொன்னார்: "நான் போனப்புறம் தட்டு உள்ள வரக் கூடாது சார். ஒங்க எதிர்ல ஒக்காந்திருந்தப்பவும் என்னால எந்திரிச்சுப் போவ முடியல. பொணமா கெடக்கறப்பவும் முடியாதுல்ல." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் கையெழுத்தின் மதிப்பு தெரிந்தவர் என்பதால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வரதராசன்பேட்டை வீட்டில் தட்டு உள்ளேதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில். அவருடைய கொழுந்தன் மகன் வாங்கி வைத்திருந்தான். விசாரித்தால், "ஆபீஸ் ஆளுங்கல்லாம் வருவாங்கல்ல சார், பீடி வெச்சா பெரியம்மாவுக்கு மரியாதையா இருக்காதுன்னு ஃபில்டர் சிகரெட்டாவே வெச்சுட்டேன்" என்றான். அதைவிடப் பிரியமாக யாரும் அவமதிக்க முடியாது. கூடத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடியிருந்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்கள் சிவந்து, உண்மையாகவே அழுதுகொண்டு புகைத்தவர் கலியமூர்த்தி. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "அவங்க பெட்டிக்குள்ள இருக்காங்க சார். பொகை படாது" என்று ஆறுதல் சொன்னார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அதே அளவு எனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. குனிந்து தட்டை எடுத்தேன். தீப்பெட்டியையும் மறக்காமல் எடுத்தேன். பெண்கள் வழிவிட்டார்கள். "எங்க சார் கொண்டுபோறீங்க?" என்று கேட்டுக்கொண்டே கலியமூர்த்தி பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். வாசலைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, தெருமுனை வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியில் வைத்தேன். எல்லோரும் அங்கேயே நின்றுகொண்டார்கள். யாரும் கோபப்படவில்லை.

திரும்பி உள்ளே போனபோது ஆரோக்கியசாமி ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். "இப்பதான் சாம்பிராணி வாசனையே தெரியுது" என்றார்.

நான் சிகரெட்டை இன்னும் விடவில்லை. அவரை அறிந்தவர்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை. ஆனால் இப்போதெல்லாம் தீப்பெட்டி என் வீட்டுக்குள் இருப்பதில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில்தான் இருக்கிறது. வேண்டும் என்றால் அங்கே நடந்துபோகிறேன். வராண்டாவிலிருந்து தெரு வரைக்கும் போக ஒரு மனிதனுக்கு இத்தனை வருடம் பிடித்தது. அமலம் மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தூரம் மட்டும்தான்.