ஒச்சப்பன் கேரியரில் ஏறிய ஞாயிறு

போடியில் ஜீப்பு ஓட்டுகிறவர்களிடம் ஒச்சப்பன் பேரைச் சொன்னால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். விடியுமுன்னே ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். பொழுது சாய அவர்களைக் கொண்டுவந்து இறக்குவார். மூடுபனியில் முன்னால் போகிற வண்டியே தெரியாத நாளிலும் அவர் ஒரு வளைவைத் தப்பவிட்டதில்லை. அப்படிப்பட்ட மனுசனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சின்ன வயசில் வீட்டில் சைக்கிள் இல்லை. மீசை அரும்புமுன் ஜீப்பில் கிளீனராகத் தொற்றியவர், அப்படியே ஸ்டியரிங்குக்கு நகர்ந்துவிட்டார். நடுவில் சைக்கிள் என்று ஒன்று விட்டுப்போயிற்று. யாராவது கேட்டால், "நாலு சக்கரம் இருக்கறவனுக்கு ரெண்டு எதுக்குப்பா?" என்று சமாளிப்பார். அவர் மனைவி காளீஸ்வரி ராசிங்காபுரம் ரோட்டில் ஒரு அங்கன்வாடியில் டீச்சர். வெயிலோ மழையோ, அவளுக்குச் சைக்கிள்தான்.

அந்தப் பங்குனியில் ஜீப்பு மக்கர் பண்ணி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சும்மா இருந்து பழக்கமில்லாத ஒச்சப்பன் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றி வந்தார். சனிக்கிழமை சாயங்காலம், நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் சுஜிதா வீடியோவில் வந்தாள். அவளும் புருசனும் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். உயரமான ஆற்றங்கரை, கரைமேலேயே பாதை. ஒரு பக்கம் அகன்ற ஆறு, மறுபக்கம் ஆற்றைவிடத் தாழ்ந்த புல்வெளியில் கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள். பாலம் இல்லாத இடத்தில் சைக்கிளோடு படகில் ஏற்றி அக்கரை விடுவார்களாம். நரைத்த தலையோடு ஒரு தம்பதி அவளைத் தாண்டி ஜோடியாக மிதித்துப் போனார்கள்.

காளீஸ்வரி செல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடே இல்லாத ஊர்ல சைக்கிள் ஓட்டறது ஒரு வித்தையா ஆத்தா?" என்றார் ஒச்சப்பன் மகளிடம்.

"அப்ப மேடு இருக்கற ஊர்ல ஓட்டிப் பாத்துருவோம்" என்றாள் காளீஸ்வரி. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஆத்தோரமா குரங்கணிப் பக்கம் போவோம். நீங்க பின்னாடி உக்காருங்க, நான் மிதிக்கிறேன்."

ஒச்சப்பன் சிரித்தார். காளீஸ்வரி சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காலையில் புளிச்சோற்றுத் தூக்கு ஹேண்டில்பாரில் ஆட, ஒச்சப்பன் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். தெரு தாண்டியதும் டிரைவர் புத்தி முழித்துக்கொண்டது.

"வளைவு வருது, ஆரன் அடி. லெஃப்டுல ஒடி. ஏய், குழி!"

"லோடு பேசாதுங்க" என்றாள் காளீஸ்வரி. "பேசாம வாங்க."

மாந்தோப்புகளுக்கு நடுவே எதிரே வந்த ஜீப்பு ஒன்று வேகத்தைக் குறைத்தது. உள்ளேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "அண்ணே, புது வண்டியா? மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" என்று கத்தினான். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இனி மூடி என்ன பிரயோசனம் என்று ஒச்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"புளிச்சோறுதாண்டா பெட்ரோலு!"

முந்தல் தாண்டியதும் ரோடு தூக்கிக்கொண்டது. இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மலையில் முந்தின நாள் பெய்த கோடை மழையில் கொட்டகுடி ஆறு பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் நின்று காதைக் கொடுத்தார்.

"இந்த ஆறு இம்புட்டுச் சத்தம் போடுமா?"

"உங்க இஞ்சின் சத்தத்துல அது எங்க கேக்கப் போகுது?"

எத்தனை தடவை இந்த ரோட்டில் லோடு ஏற்றிப் போயிருக்கிறார்! அவருக்குத் தெரிந்ததெல்லாம் கல்லும் குழியும்தான். ரோட்டோரம் காப்பி பூத்து மல்லிகை மாதிரி மணந்தது இன்றைக்குத்தான் மூக்கில் ஏறியது. பாறைமேல் கரட்டான் ஓணான் ஒன்று தலையாட்டுவதைப் பார்த்துக்கூட நின்றார். "வெரசா வாங்க" என்று சொல்ல வாயெடுத்த காளீஸ்வரி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள்.

வெயில் ஏறியதும் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். எதிர்க்கரை இலவந்தோப்பில் காவல் இருந்த ராக்கு அவர்களைப் பார்த்துவிட்டாள். அவளுடைய மகள்வழிப் பேத்தி காளீஸ்வரியிடம்தான் படிக்கிறது.

"டீச்சரு! வெயில்ல என்னத்துக்கு நிக்கிறீக? இங்கிட்டு வாங்க, நெழல்ல உக்காந்து சாப்பிடலாம்!"

ஒச்சப்பன் சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். "அங்க சைக்கிள ஏத்திவிடப் படகு இருக்காம். இங்க அந்தப் படகு நான்தான்" என்றார். காளீஸ்வரி சிரித்த சிரிப்பில் கால் வழுக்கி, தூக்குச்சட்டியை மட்டும் உயரப் பிடித்தபடி இடுப்புவரை நனைந்தாள்.

தோப்பில் சிமெண்டுக் களம் ஒன்று காலியாகக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் உடைத்தெடுத்த இலவம்பஞ்சு வலைக்கடியில் வெள்ளைக் குன்றாகக் குவிந்திருந்தது. ராக்கு கொடுத்த மாங்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்று முடித்ததும் காளீஸ்வரி களத்தைக் கண்ணால் காட்டினாள்.

"இங்க ஓட்டிப் பாருங்க. ஒருத்தரும் இல்ல."

"நான் இருக்கேன்ல" என்றாள் ராக்கு, சப்பணங்கொட்டி வாகாக உட்கார்ந்தபடி.

ஒச்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். காளீஸ்வரி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "கீழ பாக்காதீங்க! தூரமா பாருங்க!" முதல் சுற்றில் சாய்ந்தார். அடுத்ததில் சாயாமல் நேராகப் போனார், நேராகப் போய்ப் பஞ்சுக் குன்றுக்குள் நுழைந்தார்.

"ஐயோ, எம்பஞ்சு!" என்று ராக்கு எழுந்து ஓடி வந்தாள். வலையை விலக்கிக்கொண்டு எழுந்தவரின் மீசையும் புருவமும் வெள்ளைவெளேரென்று இருந்தன. கோபமாக வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேருமாகப் பறந்த பஞ்சைப் பொறுக்கிப் போட்டார்கள். அதன்பின் ராக்குவும் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தாள். எப்போது இருவரும் கையை விட்டார்கள் என்று ஒச்சப்பனுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் களத்தின் அந்தக் கோடியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி ஆற்றைக் கடந்து ரோட்டுக்கு வந்ததும், இறக்கம் முழுவதும் காளீஸ்வரிதான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஓட்டினாள். முந்தல் தாண்டி ரோடு சமமானதும் ஒச்சப்பன் கேரியரிலிருந்து இறங்கினார்.

"கொண்டா இங்க."

கொடுத்தாள். அவர் தள்ளாடி ஏறினார், நிமிர்ந்தார், போயே போனார். கொஞ்ச தூரம் போனபிறகுதான் இறங்குவது எப்படி என்று இன்னும் படிக்கவில்லையே என்பது உறைத்தது. கால் கிளச்சைத் தேடியது.

"ஏ காளி! எப்பிடி நிப்பாட்றது?"

ஓடிக் களைத்த காளீஸ்வரிக்குப் பின்னால் ஜீப்பு ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஒச்சப்பனோடு ஸ்டாண்டில் நிற்கும் பாண்டித்துரை. "ஏறுங்க மதினி!" என்றான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"பிரேக்கை மெதுவாப் பிடிங்க! கால ஊனுங்க!"

ஆனால் ஒச்சப்பனுக்கு அதற்குள் நிற்க மனசில்லாமல் போய்விட்டது. தென்னந்தோப்புக்குள் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் காற்று புகுந்து முதுகு புடைத்தது. பின்னால் ஜீப்பு ஆரன் அடிக்க, முன்னால் போனவர் ஒரு கையை எடுத்து 'ஓவர்டேக் பண்ணாதே' என்று சைகை காட்டினார். உடனே சைக்கிள் ஆடியது. கையைப் பழையபடி வைத்துக்கொண்டார்.

ஊர் முகப்பில் டீக்கடைக்கு முன்னால் குவித்திருந்த மணலில் சக்கரத்தை ஏற்றி ஒருவழியாக நின்றார். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த காளீஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை.

பாண்டித்துரை மூன்று டீ சொன்னான். ஒச்சப்பன் இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்து ஊதினார்.

"காளி, அடுத்த ஞாயித்துக்கெழம தேவாரம் பக்கம் போவமா?"

"அங்கிட்டு ஆனை வருமாமுல்ல?"

"வந்தா வரட்டும். ஓரமா எறங்கி வழி விட்ருவோம்."

"மொதல்ல எறங்கப் படிங்க" என்றாள் காளீஸ்வரி.